தரையில் கால் பதித்த ஓவியங்கள்: ராவென்னாவிலிருந்து ஃபுளோரன்ஸ் வரை

திங்கள், ராவென்னா

பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் இத்தாலியின் ராவென்னாவில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் இங்கே சான் விட்டாலே தேவாலயத்துச் சுவரில் ஏறக்குறைய 1,500 ஆண்டுகளாக நிற்கிறார். நிற்கிறார் என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. அவரும் ஆயரும் படைவீரர்களும் வரிசையாக நம்மைப் பார்த்தபடி இருக்கிறார்கள்; பாதங்கள் மட்டும் முனை கீழ்நோக்கித் தொங்குகின்றன. ஒருவர் காலை இன்னொருவர் மிதிப்பதுபோல் தெரிகிறது. மிதிபட்டவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

இதை முதலில் கவனித்தது பெரியப்பா. பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அஸ்திவாரம் எங்கே என்று கேட்பது அவர் வழக்கம். "ஏம்மா, இவங்க எல்லாம் எதுமேல நிக்கிறாங்க?" என்றார். அந்தக் கேள்வியையே இந்தப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். இடைக்காலத்து ஓவியம் மறுமலர்ச்சி ஓவியமாக மாறிய கதையைப் பலர் முகங்களை வைத்துச் சொல்வார்கள். நாங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டே போகிறோம்: ராவென்னா, பதுவா, ஃபுளோரன்ஸ், சியெனா.

சான் விட்டாலே 547-இல் அர்ப்பணிக்கப்பட்டது. சுவரெல்லாம் சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள். பொன்னிறச் சில்லுகளில் இரண்டு கண்ணாடிப் படலங்களுக்கு நடுவே தங்கத் தகடு வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மட்டமாகப் பதிக்காமல், ஒன்றுக்கொன்று கொஞ்சம் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். நாம் நகர நகர வெளிச்சமும் நகர்கிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இந்தச் சுவர் எப்படி அலையடித்திருக்கும் என்று யோசித்தால், தரை ஏன் இல்லை என்பது புரிந்துவிடுகிறது. இவர்கள் இருப்பது ராவென்னாவிலும் இல்லை, பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளிலும் இல்லை. காலம் நகராத ஓர் இடத்தில் இருக்கிறார்கள். அங்கே நிழல் எதற்கு, தரை எதற்கு?

"அந்தக் காலத்து ஆளுங்களுக்கு வரையத் தெரியாது" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததை நம்பி வருகிறவர்கள், அதே வளாகத்தில் உள்ள கல்லா பிளாசிடியா நினைவுமண்டபத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். இது சான் விட்டாலேயைவிட ஏறக்குறைய நூறு ஆண்டு மூத்தது. உள்ளே வாசலுக்கு மேலே மேய்ப்பராக இயேசு பாறையில் உட்கார்ந்து ஓர் ஆட்டின் முகத்தைத் தொடுகிறார். உடம்பு திரும்பியிருக்கிறது, பாறைக்குக் கனம் இருக்கிறது, ஆடுகள் புல்தரையில் நிற்கின்றன. ஆக, தரையில் நிற்க வைக்கத் தெரிந்தவர்கள்தான் அதன்பின் அதை வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். கைவிட்டதற்கும் கைவராததற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நடக்கும் சில நிமிடங்களில் தெரிந்துகொள்ளலாம்.

சாயங்காலம் கவிஞர் தாந்தேயின் கல்லறை. ஃபுளோரன்ஸிலிருந்து விரட்டப்பட்டவர் 1321-இல் இந்த ஊரில் இறந்தார். சின்ன மண்டபம்தான். அவரை ஏன் குறிப்பிடுகிறேன் என்பது நாளைக்குத் தெரியும்.

செவ்வாய், பதுவா

பொலோஞ்யாவில் ரயில் மாறி பதுவா வந்தோம். ஸ்க்ரோவெஞ்யி சிற்றாலயத்துக்கு முன்பதிவு இல்லாமல் வந்துவிடாதீர்கள். முதலில் ஒரு கண்ணாடி அறையில் 15 நிமிடம் உட்கார வைக்கிறார்கள். நம்மோடு வரும் ஈரமும் தூசியும் அடங்கத்தான் இந்த ஏற்பாடு. பிறகு உள்ளே 15 நிமிடம், அவ்வளவுதான். கதவு மூடும்போது வெளியே வர மனசு வரவில்லை. அடுத்த குழு ஏற்கெனவே கண்ணாடி அறையில் உட்கார்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருந்தது.

என்ரிகோ ஸ்க்ரோவெஞ்யி என்ற பணக்காரர் 1300-இல் நிலம் வாங்கினார். ஆலயம் 1305 மார்ச் 25 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. அவர் அப்பா ரெஜினால்தோ வட்டிக்கடைக்காரர். தாந்தே தன் காவியத்தின் நரகத்தில் வட்டிக்காரர்களைக் கழுத்தில் பணப்பையோடு எரிமணலில் உட்கார வைத்தார். அவர்களில் ஒருவன் பையில் வெள்ளைப் பின்னணியில் நீலப் பன்றி. அது ஸ்க்ரோவெஞ்யி குடும்பச் சின்னம்; பெயர் சொல்லாமலே ஊருக்கு ஆளைத் தெரிந்துவிடும். அப்பாவின் வட்டிப் பாவத்தைக் கழுவத்தான் மகன் கட்டினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். வாசல் சுவரில் உள்ள இறுதித் தீர்ப்பு ஓவியத்திலேயே என்ரிகோ மண்டியிட்டு ஆலயத்தின் மாதிரியை மரியாளுக்கு நீட்டுகிறார். ரசீது கேட்காத குறைதான்.

வரைந்தவர் ஜோத்தோ. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது நீலம். ராவென்னாவில் தங்கம் இருந்த இடத்தில் இங்கே வானம் இருக்கிறது. தலைக்குப் பின்னால் உள்ள ஒளிவட்டங்களில் மட்டும் தங்கம் மிச்சம்.

கிடைத்த நேரத்தில் பாதியை ஒரே சட்டகத்தின் முன் செலவழித்தேன். இறந்த இயேசுவைச் சுற்றி எல்லோரும் அழும் காட்சி. ஒரு பாறை மேடு வலது மேலிருந்து சரிந்து இறங்கி நம் கண்ணை நேராக அவர் தலைக்குக் கொண்டுபோய் விடுகிறது. மரியாள் மகனைக் கழுத்தோடு அணைத்து முகத்துக்குள் முகம் வைத்துப் பார்க்கிறாள். யோவான் இரண்டு கைகளையும் பின்னால் வீசிக் குனிகிறான். மகதலேனா காலடியில் உட்கார்ந்து அவர் பாதங்களைக் கையில் ஏந்தியிருக்கிறாள். முன்னால் இரண்டு பெண்கள் நமக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முகமே தெரியாது. போர்வைக்குள் உள்ள முதுகின் கனத்திலேயே அழுகை தெரிகிறது.

இந்த முதுகுகள்தான் எனக்கு இன்றைய செய்தி. ராவென்னாவில் எல்லோரும் நம்மைப் பார்த்தார்கள். அவர்கள் காட்சி தருகிறார்கள், நாம் வணங்குகிறோம். இங்கே அவர்களுக்கு நம் ஞாபகமே இல்லை. அவர்கள் வீட்டுத் துக்கம் அது. நாம் போய் எட்டிப் பார்க்கிறோம். மேலே தேவதூதர்கள் வானத்தில் புரண்டு புரண்டு அழுகிறார்கள். அவர்களுக்கு மட்டும் கால் கிடையாது, உடம்பு மேகத்தில் கரைந்துவிடுகிறது. தரையில் இருக்கிற யாரும் அப்படிக் கரையவில்லை. உட்கார்ந்தால் மண் அமுங்கும் போலிருக்கிறது.

பெரியப்பாவின் கவனம் பூச்சில். ஈரமான சுண்ணாம்புச் சாந்தில் வரைவது இது. ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் சாந்து பூசுவார்கள். காயும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக மாறும். நிறம் அதற்குள்ளே சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு நாள் பூச்சும் முடிகிற விளிம்பு இன்றும் தெரிகிறது. முகம் என்றால் சின்னத் துண்டு, வெறும் பாறை என்றால் பெரிய துண்டு. நீலத்தை மட்டும் காய்ந்த சுவர்மேல் பசை சேர்த்துப் பூசினார்கள். அதனால்தான் பல இடங்களில் மரியாளின் நீலப் போர்வை உதிர்ந்துபோயிருக்கிறது. "க்யூரிங் ஆகாத இடத்துல அடிச்சா தங்கும், ஆனதுமேல அடிச்சா உரியும்" என்று தன் பாஷையில் முடித்துக்கொண்டார்.

பக்கத்திலேயே எரெமித்தானி தேவாலயம். 1944 மார்ச் 11 குண்டுவீச்சில் அங்கே இளம் மந்தேஞ்யா வரைந்த சுவர்கள் ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறின. ஒட்டியதைப் பார்த்துவிட்டு வந்தோம். குண்டு கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் ஜோத்தோவும் துண்டுகளாகத்தான் கிடைத்திருப்பார்.

புதன், ஃபுளோரன்ஸ்

பாதி நாள் ரயிலிலும் அறை தேடுவதிலும் போயிற்று. விடுதி மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பெட்டியை ஏற்றிவிட்டுப் பெரியப்பா தூங்கிவிட்டார். நான் மட்டும் சாந்தா குரோச்சே தேவாலயம் போய் சிமாபூவே வரைந்த பெரிய சிலுவையைப் பார்த்தேன். 1966 நவம்பர் 4 வெள்ளத்தில் மூழ்கி, வண்ணத்தில் பாதிக்கு மேல் கரைந்து போனது. போனதை வரைந்து நிரப்பாமல், தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்தாத கோடுகளால் மூடியிருக்கிறார்கள். நேர்மையான வேலை.

ஓவியத்தில் தன் கொடிதான் பறக்கிறது என்று சிமாபூவே நினைத்தார், இப்போது ஜோத்தோவின் பெயர்தான் எல்லார் வாயிலும் என்று தாந்தே எழுதினார். அதைப் புகழின் நிலையாமைக்கு உதாரணமாகத்தான் சொன்னார். பிற்காலத்தில் அதை ஓவிய வரலாறாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

வியாழன், ஃபுளோரன்ஸ்

உஃபீத்ஸி அருங்காட்சியகத்தில் ஒரு கூடத்தில் மூன்று மதோன்னாக்கள். சிமாபூவே, தூச்சோ, ஜோத்தோ. மூன்றுமே அரியணையில் குழந்தையோடு மரியாள், சுற்றிலும் தேவதூதர்கள், பின்னால் தங்கம். பாடத்திட்டம் போட்டு மாட்டியதுபோல் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இந்தக் கூடத்தை வேகமாகக் கடந்து போத்திச்செல்லியிடம் ஓடுகிறார்கள். ஓடட்டும், எங்களுக்கு இடம் கிடைத்தது.

தூச்சோவின் படம் நாலரை மீட்டர் உயரம். 1285-இல் ஒரு பக்திச் சபை சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்துக்காகச் செய்யச் சொன்னது. ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. படம் பிடிக்காவிட்டால் வாங்கமாட்டோம், செலவு உன்னுடையது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஆறு தேவதூதர்கள் அரியணையைப் பிடித்துக்கொண்டு மண்டியிடுகிறார்கள், ஆனால் காற்றில். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மரியாளின் மேலங்கியின் பொன் ஓரம் மட்டும் நெளிந்து நெளிந்து இறங்குகிறது. அந்தக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்தால் பாட்டு கேட்பதுபோல் இருக்கிறது.

சிமாபூவே தேவதூதர்களை ஒருவர்மேல் ஒருவராக அடுக்கியிருக்கிறார். அரியணைக்கு ஆழம் கொடுக்கப் பார்த்திருக்கிறார்; கீழே வளைவுகளுக்குள் தீர்க்கதரிசிகள் எட்டிப் பார்க்கிறார்கள். பாதி வழி.

ஜோத்தோவிடம் வந்தால், முன்னால் இரண்டு தேவதூதர்கள் பூச்சாடியோடு தரையில் மண்டியிட்டிருக்கிறார்கள். தரைதான், சந்தேகமே இல்லை. மரியாளின் வெள்ளை உடைக்குள் மார்பும் முழங்காலும் தெரிகின்றன. இந்த அம்மா எழுந்தால் அரியணை கிறீச்சிடும். பின்னணி இன்னும் தங்கம்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். கேட்டவர்களுக்குத் தங்கம் வேண்டும்; ஜோத்தோ அதன்முன் ஒரு கனமான பெண்ணை உட்கார வைத்துவிட்டார். இரண்டு உலகமும் ஒரே பலகையில்.

எனக்கு எது பிடித்தது என்று கேட்டால் தூச்சோதான். வளர்ச்சி என்ற கணக்கில் அவர் பின்தங்கியவர். அந்தக் கணக்கு போட்டவர் ஃபுளோரன்ஸில் அரண்மனை ஓவியராக இருந்த வசாரி; 1550-இல் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை வெளியிட்டவர். ஃபுளோரன்ஸ்தான் எல்லாவற்றையும் கண்டுபிடித்தது என்று நிறுவுவதில் அவருக்கு அக்கறை அதிகம். சியெனாக்காரரான தூச்சோவின் இதே படத்தை அவர் சிமாபூவேயுடையது என்று எழுதிவைத்தார்.

தூச்சோவின் முகங்களில் லேசாகப் பச்சை தெரிகிறது. பழுதில்லை. தோலுக்கு அடியில் முதலில் பச்சை மண் நிறம் பூசி, மேலே இளஞ்சிவப்பு ஏற்றுவார்கள். மேல்பூச்சு தேயத் தேய அடிப்பச்சை எட்டிப் பார்க்கிறது. நிறத்தைக் குழைப்பது முட்டை மஞ்சள் கருவில். 1400-ஐ ஒட்டி செனினோ செனினி எழுதிய கைந்நூலில் ஒரு குறிப்பு வருகிறது: இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழியின் முட்டை, அதன் கரு வெளிறியது, வயதானவர், கறுத்த முகத்தவருக்கு நாட்டுப்புறத்துக் கோழி, அதன் கரு சிவந்தது. பெரியப்பா இதைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தார். "நாட்டுக்கோழி மகிமை அங்கயும் தெரிஞ்சிருக்கு பாரு."

இதே அருங்காட்சியகத்தில் வேறொரு பெரிய படம் என்னை நிறுத்திவிட்டது. அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன், இங்கே சொன்னால் வரிசை குழம்பிவிடும்.

வெள்ளி, சியெனா

ஃபுளோரன்ஸிலிருந்து பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். தூச்சோவுக்கு அவர் ஊரில் என்ன மரியாதை என்று பார்க்க வந்தோம். 1311 ஜூன் 9 அன்று அவருடைய மாபெரும் மயெஸ்தாவை (அரியணையில் மரியாள் படம்) பட்டறையிலிருந்து கதீட்ரலுக்கு ஊரே ஊர்வலமாக எடுத்துப்போனது. கடைகளை அடைத்து, மணி அடித்து, எக்காளம் ஊதி. அதே படத்தை 1771-இல் அறுத்துப் பிரித்தார்கள். துண்டுகள் இன்று லண்டனிலும் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கின்றன. மிச்சம் மட்டும் கதீட்ரல் அருங்காட்சியகத்தில்.

ஆனால் எங்கள் நாளைத் தின்றது நகர மன்றம். ஊரை ஆண்ட ஒன்பது பேர் கூடும் அறையில் அம்புரோஜோ லொரென்செத்தி 1338-39-இல் நல்லாட்சி, கொடுங்கோலாட்சி இரண்டையும் சுவரில் வரைந்தார். சாமி படம் இல்லை. ஊர்ப் படம். கட்டடத்தின்மேல் கொத்தனார்கள் வேலை செய்கிறார்கள்; செருப்புக்கடை திறந்திருக்கிறது; வாத்தியார் பாடம் நடத்துகிறார்; தெரு நடுவில் கைகோர்த்து ஆடுகிறார்கள். கோட்டை வாசலைத் தாண்டினால் சரிவில் குதிரையில் இறங்கும் கனவான்கள், எதிரே பொதி ஏற்றி வரும் குடியானவர்கள், அதற்கப்பால் கதிரறுப்பு. மன்றத்துக்குப் பின்புறம் போய் நின்று பார்த்தால் மலையும் வயலும் ஏறக்குறைய அதே சாயலில் இருக்கின்றன.

கால்களைப் பற்றிச் சொன்னால், இங்கே எல்லோரும் நடக்கிறார்கள். ஆனால் ஆடுகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களைவிட அளவில் பெரியவர்கள். எது முக்கியமோ அது பெரிது என்ற பழைய கணக்கு இன்னும் போகவில்லை. ஒரே இடத்தில் நின்று பார்த்து வரைந்ததும் இல்லை. ஓவியர் தெருவில் நடந்துகொண்டே வரைந்ததுபோல் இருக்கிறது. நாமும் நடந்துகொண்டே பார்க்கிறோம். இதில் என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை.

1348-இல் கொள்ளைநோய் வந்தது. அம்புரோஜோவும் அவர் அண்ணன் பியெத்ரோவும் அதில்தான் இறந்திருப்பார்கள் என்று கருதுகிறார்கள். அதன்பின் இருவரைப் பற்றியும் செய்தி இல்லை. அக்னோலோ தி தூரா என்ற ஊர்க்காரர் தன் ஐந்து பிள்ளைகளைத் தன் கையாலேயே புதைத்ததாக எழுதிவைத்திருக்கிறார். கதீட்ரலை உலகத்திலேயே பெரிதாக்க 1339-இல் தொடங்கிய வேலை அப்படியே நின்றது. கூரையில்லாத அந்தப் பெரிய சுவர்மேல் இப்போது சீட்டு வாங்கி ஏறலாம். ஏறினோம். கீழே கதீட்ரலின் உட்பகுதி இருக்க வேண்டிய இடத்தில் கார்கள் நிற்கின்றன.

மறுமலர்ச்சியை ஏறுமுகமாக ஒரே கோட்டில் வரைகிறவர்கள் இந்தச் சுவர்மேல் ஒருமுறை ஏற வேண்டும். ஜோத்தோவுக்கும் அடுத்த பெரிய பாய்ச்சலுக்கும் நடுவே ஏறக்குறைய எண்பது, தொண்ணூறு ஆண்டுகள். அந்த இடைவெளியில் தங்கம் மறுபடி செல்வாக்கோடு இருந்தது.

சனி, ஃபுளோரன்ஸ்

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கார்மினே தேவாலயம், அதற்குள் பிரான்காச்சி சிற்றாலயம். பட்டு வணிகர் குடும்பம் கட்டியது. 1420-களில் மசோலினோ, மசாச்சோ இருவரும் சேர்ந்து வரைந்தார்கள். மசாச்சோ 1428-இல் ரோமில் இறந்தபோது வயது 26 அல்லது 27. விட்டுப்போனதை 1480-களில் ஃபிலிப்பினோ லிப்பி முடித்தார்.

நுழைவுத் தூண்களில் எதிரெதிரே இரண்டு ஆதாம் ஏவாள்கள். வலப்பக்கம் மசோலினோ வரைந்தது, பழம் தின்னும் முன். அழகான, மெத்தென்ற உடம்புகள், ஆனால் கறுத்த பின்னணியில் தொங்குகிறார்கள். பாதங்கள் கீழே பார்க்கின்றன. ராவென்னாவில் பார்த்த அதே தொங்கல், 900 ஆண்டுக்குப் பிறகும்! இடப்பக்கம் மசாச்சோ, தோட்டத்திலிருந்து விரட்டப்படும் காட்சி. ஆதாம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருக்கிறான், வயிறு உள்ளிழுத்திருக்கிறது. ஏவாள் தலையைத் தூக்கி வாயைத் திறந்து ஓலமிடுகிறாள். வாயும் கண்ணும் வெறும் கறுப்புப் பள்ளங்கள். கால்கள் நடக்கின்றன. ஆதாமின் பின்கால் இன்னும் வாசலருகே இருக்கிறது. தரையில் நிழல் விழுகிறது. நடந்தே தீர வேண்டிய நிலம் கிடைத்துவிட்டது, தண்டனையாக.

இரண்டு பேரும் ஒரே சாரத்தில் ஏறி வேலை செய்தவர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காலம் மாறியது என்று சொல்கிறோம். இங்கே ஒரே காலத்தில், ஒரே ஆலயத்தில் இரண்டு காலம் எதிரெதிரே நிற்கிறது. பிற்காலத்தில் யாரோ கூச்சப்பட்டு இடுப்பில் இலைகளை வரைந்து சேர்த்தார்கள். 1980-களில் சுத்தம் செய்தபோது இலைகளை எடுத்துவிட்டார்கள்.

பெரிய சுவரில் இயேசுவிடம் வரி கேட்கும் காட்சி. வரி கேட்டு வந்தவன் நமக்கு முதுகைக் காட்டி, குட்டைச் சட்டையில், கெண்டைக்கால் புடைக்க ஊன்றி நிற்கிறான். சுற்றிலும் சீடர்கள். எல்லார் நிழலும் ஒரே பக்கம் விழுகிறது. ஒளி வரும் திசை சிற்றாலயத்தின் நிஜ சன்னலின் திசை. பெரியப்பா சன்னலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, "சைட்டுக்கு வந்து பார்த்துட்டு வரைஞ்சிருக்கான்" என்றார். அவர் வாயில் இது பெரிய சான்றிதழ்.

மசாச்சோவுக்கு முன்னால் ஓவியர்கள் ஆட்களை நுனிக்காலில் நிறுத்தினார்கள், பாதம் முழுவதும் தரையில் படிய வரைந்தவர் இவர்தான் என்று வசாரி எழுதினார். தூச்சோ விஷயத்தில் அவரை நம்பாத நான் இதில் முழுக்க ஒத்துப்போகிறேன். இந்தச் சுவரைப் பார்த்து வரையப் பழகாத ஃபுளோரன்ஸ் ஓவியர் குறைவு. மிக்கேலாஞ்சலோவின் மூக்கு உடைந்ததே இங்கேதான். கூடப் படித்த தோர்ரிஜானோ கிண்டல் தாங்காமல் ஓங்கிக் குத்திவிட்டார்.

மதியம் சாந்தா மரியா நொவெல்லா. அங்கே மசாச்சோ 1427-ஐ ஒட்டி வரைந்த திரித்துவம். சுவரைத் துளைத்து ஒரு மண்டபம் கட்டியதுபோல் இருக்கிறது. மேலே பீப்பாய் வளைவு, அதில் சதுரக் குழிகள் உள்ளே போகப் போகச் சிறுக்கின்றன. இதற்கு முன் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி, ஞானஸ்நான ஆலயத்தைப் பலகையில் வரைந்து, அதில் துளையிட்டுப் பின்புறமிருந்து கண்ணாடியில் பார்க்கச் செய்து, தொலைவுக் கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில் சேரும் என்று காட்டியிருந்தார். அந்தக் கணக்கு முழு அளவில் சுவரேறியது இங்கேதான். புள்ளி சிலுவையின் அடிப்பக்கம், நின்று பார்ப்பவரின் கண்மட்டத்துக்குப் பக்கத்தில்.

சாந்து ஈரமாக இருக்கும்போது ஆணி அடித்து, நூல் கட்டி, கோடு பதித்திருக்கிறார்கள். தடம் இன்னும் இருக்கிறது. வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் கண்ணுக்குப் படும். நூல் அடிப்பது பற்றிப் பெரியப்பாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பத்தடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, குழிகளின் விளிம்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். காவலர் சந்தேகமாகப் பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்து, "பிசகில்லை" என்றார்.

எனக்கு ஆச்சரியம் வேறு. சிலுவைக்குப் பின்னால் பிதாவாகிய கடவுள் நிற்கிறார், இரண்டு கைகளாலும் சிலுவையைத் தாங்கியபடி. அவர் நிற்பது ஒரு திட்டின் மேல். கூர்ந்து பார்த்தால் அவர் பாதம் தெரிகிறது. அதற்கு முன் கடவுளை மேகத்திலிருந்து நீளும் ஒரு கையாகக் காட்டுவார்கள், அல்லது ஒளிக்குள் ஒரு முகமாக. மண்டபம் என்று ஒன்றை அளந்து கட்டிவிட்டால், உள்ளே இருக்கிறவர் யாராக இருந்தாலும் எதன்மீதாவது நின்றாக வேண்டுமே! கணக்கு கடவுளையும் விடவில்லை.

கீழே பிணப்பெட்டியின்மேல் ஓர் எலும்புக்கூடு. அதற்கு மேலே எழுதியிருப்பது: நீங்கள் இருப்பதுபோல் நான் ஒருகாலத்தில் இருந்தேன்; நான் இருப்பதுபோல் நீங்களும் ஆவீர்கள். கண்ணுக்கு இவ்வளவு இதமான புது அறிவியலின் அடியில் இடைக்காலத்து எச்சரிக்கை அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் படத்தைப் புகழ்ந்து எழுதிய வசாரியே 1570 வாக்கில் ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது இதன்முன் ஒரு பலிபீடத்தை வைத்து மூடினார். அழிக்கவில்லை, மறைத்தார். 1860-களில்தான் மறுபடி வெளியே வந்தது. எலும்புக்கூடு 1950-களில்.

ஞாயிறு, ஃபுளோரன்ஸ்

இப்போது உஃபீத்ஸியில் பாக்கி வைத்த படம். ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஹ்யூகோ ஃபான் டெர் கூஸ் வரைந்த இயேசு பிறப்புக் காட்சி. ஃபுளோரன்ஸின் மெடிச்சி குடும்பத்து வங்கியின் புரூஜ் கிளையை நடத்திய தொமாசோ போர்த்தினாரி வாங்கி அனுப்பினார். 1483 மே மாதம் ஃபுளோரன்ஸ் வந்து இறங்கியது. 16 சுமைதூக்கிகள் சேர்ந்து மருத்துவமனை ஆலயத்துக்குத் தூக்கிப்போனார்கள். வலப்பக்கம் மூன்று இடையர்கள் குழந்தையைப் பார்க்க முட்டிமோதி வருகிறார்கள். சவரம் செய்யாத தாடை, காய்த்துப்போன கை, ஆச்சரியத்தில் திறந்த வாய். முட்டைக் கரு சட்டென்று காய்ந்துவிடும், நிறத்தைக் குழைய விடாது. ஆளி எண்ணெய் மெதுவாகக் காயும், மெல்லிய படலமாக மேலே மேலே ஏற்றலாம். தாடி முளைத்த கன்னத்துக்கு எண்ணெய்தான் சரி.

மறுமலர்ச்சியின் விளக்கை இத்தாலி மட்டும் ஏற்றவில்லை என்பதற்கு இந்தப் படம் போதும். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு உயிரோடு வரைந்தவர் தொலைவுக் கணக்கைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. புனிதர்கள் மலைபோல் நிற்க, பணம் கொடுத்த குடும்பம் அவர்கள் முன் குட்டியாக மண்டியிடுகிறது. முன்னால் தரையில் ஒற்றை மரச்செருப்பு கிடக்கிறது; யோசேப்பு கழற்றியது. புனிதமான இடத்தில் செருப்போடு நிற்கக்கூடாது.

அந்த இடையர்கள் ஃபுளோரன்ஸை எப்படிப் பாதித்தார்கள் என்று பார்க்க சாந்தா திரினிதா தேவாலயம் போனோம். இரண்டே ஆண்டில், 1485-இல், ஃபுளோரன்ஸ் ஓவியர் கிர்லாந்தாயோ தன் படத்தில் அதே போன்ற இடையர்களைக் கொண்டுவந்துவிட்டார். முன்னால் இருப்பவருக்குத் தன் முகத்தையே வைத்து, குழந்தையைக் கைகாட்ட வைத்திருக்கிறார். மாட்டுத் தொட்டிக்குப் பதில் ஒரு ரோமானியக் கல்பெட்டி. வடக்கிலிருந்து வந்த தாடி, தெற்கில் தோண்டியெடுத்த பளிங்கு, இரண்டும் ஒரே தொழுவத்தில். பணம் கொடுத்தவர் சசெத்தி, இவரும் மெடிச்சி வங்கிதான். பதுவாவின் வட்டிக்காரரில் தொடங்கி வங்கிக்காரர்களிடம் வந்து நிற்கிறோம்.

கடைசியாக அனாதைப் பிள்ளைகளுக்காகப் புருனெல்லெஸ்கி கட்டிய இன்னொசெந்தி இல்லம். அங்கே குழந்தை இயேசுவைக் காண வரும் மூன்று ராஜாக்களைக் கிர்லாந்தாயோ வரைந்த படம், 1485-இல் ஒப்பந்தம் போட்டது. தங்கத்தை அப்படியே ஒட்டாமல் வெறும் நிறத்தாலேயே தங்கத்தின் மினுமினுப்பைக் காட்டுபவன்தான் பாராட்டுக்குரியவன் என்று கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட்டி 1435-லேயே எழுதியிருந்தார். அதற்கு ஐம்பது ஆண்டு கழித்தும் ஒப்பந்தக்காரர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆபரணங்களுக்குத் தங்கத்தூள் வேண்டும், நீலம் அவுன்ஸ் நாலு ஃபுளோரின் (ஃபுளோரன்ஸ் பொற்காசு) விலையுள்ள ஒசத்திச் சரக்காக இருக்க வேண்டும், மொத்தம் 115 ஃபுளோரின், அதுவும் அவ்வளவு பெறும் என்று இல்லத்தின் தலைவருக்குத் தோன்றினால்தான். படம் முழுவதும் கிர்லாந்தாயோவின் சொந்தக் கையால் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. தங்கத்துக்கும் நீலத்துக்கும் பக்கத்தில் இப்போது கைக்கும் ஒரு விலை வந்துவிட்டது.

படத்தின்முன் பெஞ்சில் உட்கார்ந்து ஒப்பந்தத்தின் மொழிபெயர்ப்பைப் போனில் படித்துக்காட்டினேன். முப்பது மாதத்துக்குள் முடித்துத் தராவிட்டால் 15 ஃபுளோரின் பிடித்தம் என்ற வரி வந்ததும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பவே எல்.டி. கிளாஸ், அதான் தாமத அபராதம், போட்டிருக்கான்! மாசத் தவணையும் இருக்கா?"

இருக்கிறது, மாதம் மூன்று ஃபுளோரின். தவணை தவறினால் இல்லத்துக்கும் அபராதம் உண்டு என்றேன்.

"நம்ம ஆபீஸ்ல அந்த ரெண்டாவதை மட்டும் என்னைக்குமே எழுத விட்டதில்லை" என்றவர், முழு ஒப்பந்தத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். ஓய்வுபெற்றவர்கள் குழுவில் போடப் போகிறாராம்.